வீட்டு வாசலில் நிற்கும் விதி: விருதுநகர் வட்டாரத்தின் நம்பிக்கைக் கணக்கும் தம்பதியரின் இணையச் சீட்டாட்டமும்

பலர் கூடும் இடத்துக்கென வகுக்கப்பட்ட விதி, ஆட்கள் அவரவர் வீட்டுக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் அவர்களைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்வி சந்தைக்கும் தொழிலுக்கும் விளையாட்டுக்கும் பொதுவானது. 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்தில், பிரிட்ஜ் எனப்படும் சீட்டாட்டம் உலகெங்கும் மன்றங்களை விட்டு வீட்டுக் கணினிகளுக்கு இடம்பெயர்ந்தபோது, ஒரே வீட்டிலிருந்து கூட்டாளிகளாக ஆடும் கணவன் மனைவியரைக் குறித்து இக்கேள்வி கூர்மையடைந்தது. ஒருவர் கையிலுள்ள சீட்டை மற்றவர் எளிதில் பார்க்க முடியும். பார்க்கக் கூடாது என்பது விதி. பார்க்கவில்லை என்பதற்கோ அவ்விருவரையன்றி வேறு சாட்சி இல்லை. கருவி புதியதே தவிர, இந்த நிலைமை புதியதன்று. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை ஆகிய ஊர்களைக் கொண்ட வானம் பார்த்த கரிசல் பூமியின் வணிக வரலாறும் தொழில் வரலாறும், யாரும் பார்க்காத இடத்தில் நடக்கும் செயலுக்கு எவ்வாறு கணக்குக் கேட்பது என்பதற்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கண்டிருக்கின்றன. அவ்விடைகளின் துணைகொண்டு இணையவழிச் சீட்டாட்டத்தின் அறத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேட்டையும் மகமையும்

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே இராமநாதபுரச் சீமைக்குள் கருப்பட்டி, கருவாடு, உப்பு, புகையிலை முதலிய சரக்குகளோடு வந்த நாடார் வணிகர்கள், வழிப்பறிக்கு அஞ்சி, வண்டிகளையும் மாடுகளையும் சரக்கையும் இரவில் காத்துக்கொள்ள மதில் சூழ்ந்த தங்குமிடங்களை அமைத்தனர். பேட்டை எனப்பட்ட இந்த இடங்களைச் சுற்றியே சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களின் வணிகக் குடியிருப்புகள் வலுப்பெற்றன. இவற்றுள் விருதுபட்டியே 1923ஆம் ஆண்டில் விருதுநகர் என்று பெயர் மாற்றம் பெற்றது. பேட்டையைப் பேணும் செலவுக்காக, அதைப் பயன்படுத்திய வணிகர் ஒவ்வொருவரும் தம் சரக்கின் அளவுக்கேற்பச் செலுத்திய பொதுப்பங்கு மகமை எனப்பட்டது. காலப்போக்கில் இந்நிதியிலிருந்து கிணறுகளும் கோயில்களும் சாவடிகளும் பள்ளிகளும் எழுந்தன. நாடார் சமூகத்தின் மாற்றங்களைக் குறித்து அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நூல், அச்சமூகத்தின் எழுச்சிக்கு இந்தப் பொதுநிதி எவ்வளவு அடிப்படையாக இருந்தது என்பதை விரிவாகக் காட்டுகிறது.

மகமை அரசாங்க வரி அன்று. அதைத் தண்ட அதிகாரியோ, தராசை நிறுத்திச் சோதிக்கச் சுங்கச்சாவடியோ நெடுங்காலம் இருந்ததில்லை. பேட்டைக்குள் நுழையும் வண்டியை எண்ண முடிந்தது. ஆனால் வணிகம் பேட்டையை விட்டுக் கடைத்தெருவுக்கும் வீட்டை ஒட்டிய கிட்டங்கிக்கும் பரவிய பின்னர், எத்தனை மூட்டை கைமாறியது என்பது வணிகரின் பேரேட்டுக்கு மட்டுமே தெரிந்த செய்தியாயிற்று. அப்போதும் மகமை வற்றிவிடவில்லை. உறவின்முறை என்பது ஓர் ஊரிலுள்ள நாடார் குடும்பங்கள் அனைத்தையும் உறுப்பாகக் கொண்ட பொது அமைப்பு. அதன் நிர்வாகப் பொறுப்பை முறைவைத்து ஏற்பவர் முறைகாரர். பொறுப்பு ஒரே கையில் நிலைத்துவிடாமல் மாறிவந்ததால், இன்று கணக்குக் கேட்பவர் நாளை கணக்குக் கொடுப்பவராக வேண்டியிருந்தது. குறைத்துச் சொன்னவர் அகப்பட்டால் அபராதமும், மீறினால் விலக்கி வைத்தலும் காத்திருந்தன. கொள்முதலும் கடனும் பெண் கொடுத்தலும் பெண் எடுத்தலும் அதே வட்டத்துக்குள் நடந்த காலத்தில் விலக்கி வைக்கப்படுவது தொழில் முடங்குவதற்கு ஒப்பானது. ஆகவே மகமையின் நேர்மையை வெறும் மனச்சாட்சியின் வெற்றி என்று புகழ்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. தாமே சொல்லும் கணக்கு, அக்கணக்கைப் பிறகு பார்க்கும் உரிமை பெற்ற பொதுச்சபை, மறுநாளும் அதே மனிதர்களோடு வணிகம் செய்தாக வேண்டிய நிலை ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த நேர்மையை நிலைநிறுத்தின.

துண்டுக்குள் நடந்த பேச்சு

கணக்கைப் பொதுவில் வைத்த அதே வணிக உலகம், இரகசியத்தையும் முறைப்படி அனுமதித்தது. தமிழகத்தின் மாட்டுச் சந்தைகளில் தரகரும் வாங்குவோரும் கைகளின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, விரல்களைப் பற்றியும் அழுத்தியும் விலை பேசுவது நெடுநாள் வழக்கம். எந்த விரலைப் பிடித்தால் எத்தனை நூறு, எத்தனை ஆயிரம் என்பது அவ்விருவருக்கும் விளங்கும். பக்கத்தில் நிற்பவருக்குத் துண்டு அசைவது மட்டுமே தெரியும். இதை எவரும் வஞ்சகம் என்று சொன்னதில்லை. ஏனெனில் சந்தைக்கு வந்த அனைவரும், அங்கே விலை இரகசியமாகவே பேசப்படும் என்பதை அறிந்து, அதை ஏற்றே வந்தவர்கள். தம் மாட்டுக்கான விலையையும் அவர்கள் அதே துண்டுக்குள்தான் பேசப் போகிறார்கள்.

மகமைக் கணக்கு, துண்டுப் பேச்சு ஆகிய இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் அடிப்படை புலனாகிறது. இருவருக்குள் இரகசியம் இருப்பதனாலேயே ஒரு செயல் தவறாகிவிடுவதில்லை. எது மறைவானது, எது பொதுவானது என்பதைப் பற்றி அனைவரும் முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாட்டை ஒரு சாரார் மட்டும் மீறுவதே தவறு. துண்டுக்குள் விலை பேசியவர், அதே துண்டுக்குள் மகமைக் கணக்கைப் பேச முற்பட்டிருந்தால் சந்தை அதைப் பொறுத்திருக்காது. சீட்டாட்டத்தில் எழும் அறச்சிக்கலைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு இன்றியமையாதது.

வாசலோடு நின்ற சட்டம்

வீட்டுக்குள் நடக்கும் செயலைப் பொதுக்கணக்கோடு இணைத்த வழக்கங்களில் பிடியரிசி குறிப்பிடத்தக்கது. சமையலுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் இல்லத்தரசி ஒரு பிடியைத் தனியே ஒரு கலயத்தில் இட்டுவைப்பதும், சேர்ந்ததைப் பொதுப்பணிக்காக வீடுவீடாகச் சென்று திரட்டுவதும் இதன் நடைமுறை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விருதுபட்டியில் தொடங்கப்பட்ட சத்திரிய வித்தியாசாலை, மகமையாலும் பிடியரிசியாலும் தாங்கப்பட்ட பள்ளி. 1903இல் அவ்வூரில் பிறந்த காமராசர் பயின்ற பள்ளியும் அதுவே. அடுக்களையில் எத்தனை பிடி எடுக்கப்பட்டது என்று பார்க்க எவரும் இல்லை; எனினும் கலயம் வாசலுக்கு வந்தபோது தெருவே அதைப் பார்த்தது.

1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பின்னர், சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டியும், அதைத் தொடர்ந்து அச்சும் பட்டாசும் வேரூன்றின. தொழிற்சாலையை ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றும் ‘பட்டாசு ஆபீஸ்’ என்றும் அழைக்கும் இவ்வட்டாரத்தில், தீப்பெட்டித் தொழிலின் பெரும்பகுதி ஆபீசுக்கு வெளியே வீடுகளில் நடந்தது. பெட்டிக்கான கூடு ஒட்டுவதற்கும் குச்சிகளைச் சட்டங்களில் அடுக்குவதற்கும் வேண்டிய பொருள் வீட்டுக்கு அனுப்பப்பட்டது; குடும்பத்தார் ஓய்ந்த நேரங்களில் செய்து முடித்ததைக் குரோஸ் கணக்கில், அதாவது 144 எண்ணிக்கை கொண்ட அலகில், எண்ணிக் கூலி தரப்பட்டது. வேலை நடக்கும்போது மேற்பார்வை கிடையாது. பொருள் திரும்பி வரும்போது எண்ணிக்கையும் தரமும் பார்க்கப்பட்டன. செயலைக் காவல் காப்பதற்குப் பதிலாக விளைவைக் கணக்கெடுக்கும் இந்த முறை, வீட்டின் அந்தரங்கத்தையும் தொழிலின் தேவையையும் ஒருங்கே நிறைவுசெய்வதாகத் தோன்றியது.

ஆனால் விளைவை மட்டும் எண்ணும் கணக்குக்கு ஒரு பெருங்குறை இருந்தது. கூடு சரியாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதை அது சொல்லும். எந்தக் கைகள் ஒட்டின என்பதைச் சொல்லாது. பள்ளிக்குச் செல்ல வேண்டிய குழந்தைகளின் உழைப்பு அந்த எண்ணிக்கைக்குள் கரைந்து மறைந்தது. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியைக் குழந்தைகளுக்குத் தடைசெய்த வேலைகளின் பட்டியலில் சேர்த்தபோதிலும், வேலையிடத்தை நடத்துபவர் தம் குடும்பத்தினரின் உதவியோடு செய்யும் தொழிலுக்கு அத்தடை பொருந்தாது என்று விலக்களித்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று, தடைசெய்யப்பட்ட தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலையளித்தவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. குடும்பத் தொழிலாயினும் அபாயகரமான வேலையில் குழந்தைகளுக்கு இடமில்லை என்ற நிலைக்குச் சட்டம் 2016ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலமே வந்தது. குடும்பம் என்ற சொல்லின் முன்னே விதி தயங்கி நின்றால், அந்தத் தயக்கத்தின் விலையை அக்குடும்பத்துக்குள்ளேயே எளியவர் ஒருவர் கொடுக்க நேரிடும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. குழந்தையின் உழைப்பும் சீட்டாட்ட வஞ்சகமும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஆயினும் வீட்டைப் பொதுவிதிக்கு அப்பாற்பட்டதாகக் கருதும் மனப்போக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

கூட்டாளி ஆட்டத்தின் நியதி

தமிழ் மக்களிடையே வழங்கும் சீட்டாட்டங்களில், கூட்டாளிகள் எதிரெதிரே அமர்ந்து இருவர் இருவராக ஆடும் வகைக்கு 304, 28 ஆகிய இரண்டும் நல்ல சான்றுகள். முன்னது யாழ்ப்பாணத்திலும் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என ஒரு சாதிச் சீட்டுகளின் மதிப்பு 76 ஆகும். நான்கு சாதிகளுக்கும் சேர்த்து 304. இன்ன அளவு புள்ளி எடுப்பேன் என்று ஒருவர் கேள்வி கேட்பதும், வென்ற கேள்விக்குரியவர் துருப்பைத் தேர்ந்து கவிழ்த்து வைப்பதும், கூட்டாளியோ அது எந்தச் சாதி என்று அறியாமலே ஆட வேண்டியிருப்பதும் இவ்வாட்டத்தின் சுவை. துருப்பு என்பது பிற சாதிகளை வெட்டும் வலிமை பெற்ற சாதி. கூட்டாளிக்குக் கண்ணாலோ இருமலாலோ ஜாடை காட்டுவது இங்கே எப்போதும் இழிவாகவே கருதப்பட்டது. ஏனெனில் கூட்டாளிக்கும் தெரியாத நிலையில் ஊகித்து ஆடுவதே ஆட்டம்.

பிரிட்ஜ் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 52 சீட்டுகளும் நால்வருக்குப் பதின்மூன்றாகப் பகிரப்படுகின்றன. தெற்கும் வடக்கும் ஓரணி, கிழக்கும் மேற்கும் மற்றோரணி. முதலில் நடக்கும் ஏலத்தில், எந்தச் சாதியைத் துருப்பாகக் கொண்டு எத்தனை பிடி எடுக்க முடியும் என்பதை ஒவ்வோர் அணியும் கூறுகிறது. நால்வரும் இடும் நான்கு சீட்டுகள் சேர்ந்தது ஒரு பிடி. இன்றைய வடிவமான ஒப்பந்த பிரிட்ஜின் விதிகளை அமெரிக்கரான ஹெரால்ட் வாண்டர்பில்ட் 1925இல் வகுத்தார். போட்டிகளில் ஒரே பகிர்வைப் பல மேசைகளில் பலர் ஆடி, முடிவுகளை ஒப்பிடுவதால், நல்ல சீட்டு வந்ததா என்ற அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிதும் குறைகிறது. இந்தியச் சட்டத்திலும் இவ்வாட்டத்துக்கு ஓர் இடம் உண்டு. ரம்மி திறமை ஆட்டமா, சூதாட்டமா என்ற கேள்வி ஆந்திரப் பிரதேசத்திலிருந்து 1960களின் இறுதியில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, ரம்மியில் உள்ள தற்செயல் பிரிட்ஜில் சீட்டுப் பகிரும்போது ஏற்படும் தற்செயலைப் போன்றதே என்று அம்மன்றம் ஒப்பிட்டுக் காட்டியது. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் தே சர்க்காரும் ஆடவர் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்த பின்னர், இவ்வாட்டம் நாளிதழ் வாசகரின் கவனத்துக்கும் வந்தது.

சூதாட்டத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இக்கட்டுரையின் கேள்விக்கு விடை தருவதில்லை. 1930ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம், பொதுச் சூதாட்ட இல்லம் என்ற கருத்தை மையமாகக் கொண்டு, பிறர் ஆடுவதால் ஆதாயம் பெறும் இடத்தைக் குற்றமாக்கியது. திறமை ஆட்டங்களுக்கு விலக்களித்தது. இணைய ஆட்டங்களுக்காகத் தமிழக அரசு 2022இல் இயற்றிய சட்டமும், அதில் ரம்மி, போக்கர் தொடர்பான பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியதும், பணம் வைத்து ஆடுவதையும் அதனால் குடும்பங்கள் சீரழிவதையும் பற்றியவையே ஆகும். காசில்லாமல் ஆடும் இருவர், தமக்குள் உண்மையாக நடந்துகொள்கிறார்களா என்பதில் அரசுக்கு அக்கறை இல்லை. அந்தப் பொறுப்பு ஆடுவோரின் சமூகத்திடமே விடப்பட்டிருக்கிறது.

அச்சமூகம் வகுத்துக்கொண்ட விதி, சந்தையின் துண்டுக்கு நேர் எதிரானது. ஏலத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு கூற்றுக்கும் கூட்டாளிகள் முன்கூட்டிப் பொருள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எதிரணி கேட்டால் அப்பொருளை மறைக்காமல் சொல்ல வேண்டும். சீட்டு மறைவு, மொழி பொது என்பதே இதன் சாரம். கூட்டாளியின் குரல், முகக்குறிப்பு, தயக்கம், வேகம் ஆகியவற்றிலிருந்து தெரியவரும் செய்தி உரிமையற்ற செய்தி எனப்படும். தற்செயலாக அது காதில் விழுந்தாலும், அதைப் பயன்படுத்தாமல் ஆட வேண்டிய கடமை கேட்டவரைச் சாரும். முன்கூட்டியே திட்டமிட்ட இரகசியச் சைகையை உலகப் பிரிட்ஜ் கூட்டமைப்பின் விதிநூல் ஆகப்பெரிய குற்றமாகக் குறிப்பிடுகிறது.

திரை எழுந்த கதை

இந்த விதியை முதலில் மனச்சாட்சியிடமும் மன்றத்தின் மரியாதையிடமும் ஒப்படைத்தவர்கள், அனுபவத்தால் ஒவ்வொன்றாகத் தடுப்புகளை எழுப்ப வேண்டியவரானார்கள். 1965ஆம் ஆண்டு புவனோஸ் ஐரெஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில், பிரிட்டனைச் சேர்ந்த டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷாப்பிரோவும் சீட்டைப் பிடிக்கும் விரல்களின் எண்ணிக்கையால் ஆட்டின் எனப்படும் இதயச் சாதியில் தம்மிடமுள்ள சீட்டுகளைத் தெரிவித்தனர் என்று குற்றம் சாட்டப்பட்டது. உலகக் கூட்டமைப்பு அவர்களைக் குற்றவாளிகள் என்றது; பிரிட்டனில் நடந்த விசாரணையோ ஐயத்தின் பலனை அவர்களுக்கு அளித்தது. கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் பார்க்க இயலாதவாறு மேசையின் குறுக்கே மரத்திரை வைக்கும் வழக்கம் 1975ஆம் ஆண்டு பெர்முடாவில் நடந்த உலகப் போட்டியில் வந்தது. அதே போட்டியில் இத்தாலிய இணை ஒன்று மேசைக்கடியில் காலால் கூட்டாளியின் காலைத் தொட்டது கண்டறியப்பட்டு, கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. உடனே மேசைக்கடியிலும் தடுப்பு வைக்கப்பட்டது. குரலின் ஏற்ற இறக்கம் செய்தியாகிவிடாமல் இருக்க, ஏலத்தை வாயால் சொல்லாமல் அச்சிட்ட அட்டைகளால் காட்டும் பெட்டி வழக்கத்துக்கு வந்தது. 2015இல் சில முன்னணி இணைகளின் ஆட்டக் காணொளிகளைப் பலர் திரும்பத் திரும்பப் பார்த்து, பகிர்ந்த சீட்டுகளைத் தாங்கும் பலகையை வைக்கும் இடத்திலும் சீட்டை இடும் கோணத்திலும் சைகை இருப்பதாக வாதிட்டபோது, கண்காணிப்பு ஆட்ட நேரத்தைத் தாண்டிப் பதிவுகளின் ஆய்வுக்கு நகர்ந்தது. அவற்றுள் ஓர் இணைக்கு விதிக்கப்பட்ட தண்டனையை, சான்று போதாது என்ற காரணத்தால் விளையாட்டுக்கான பன்னாட்டு நடுவர் மன்றம் 2018இல் நீக்கியது.

இவ்வரலாற்றில் ஒரு முறைமை தெரிகிறது. ஒவ்வொரு தடுப்பும் தான் அடைத்த வழியை அடைத்தது. ஏமாற்ற விழைந்தவர் அடைபடாத வழியைத் தேடினார். முழுமையான தடுப்பு என்பது என்றுமே இருந்ததில்லை. பேட்டையின் மதில் சரக்கைக் காத்தது போலத் திரையும் ஆட்டத்தைக் காத்தது. மதிலுக்கு வெளியே வணிகம் சென்ற பிறகு மகமைக்கு வேறு அடித்தளம் தேவைப்பட்டது போலவே, திரை இல்லாத இடத்துக்கு ஆட்டம் சென்றபோதும் வேறு அடித்தளம் தேவைப்பட்டது.

வீடே மேசையானபோது

2020 மார்ச் 25 அன்று இந்தியாவில் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ அதே வாரங்களில் உலகின் பிரிட்ஜ் மன்றங்கள் பலவும் மூடப்பட்டன. அதற்கு முன்பே இருந்த இணையத் தளங்களுக்கு மன்றங்களின் போட்டிகள் இடம்பெயர்ந்தன. தலைமுறை தலைமுறையாக எழுப்பப்பட்ட திரையும் பெட்டியும் நடுவரும் ஒரே நாளில் இல்லாமற்போயினர். தொலைபேசியில் கூட்டாளியோடு பேசுதல், வேறொரு பெயரில் பார்வையாளராக நுழைந்து தாம் ஆடும் மேசையின் நான்கு கைகளையும் பார்த்தல் போன்ற மோசடிகள் வெளிவந்தன. பல நாடுகளின் சங்கங்கள் அவற்றுக்காக ஆட்டக்காரர்களை இடைநீக்கம் செய்தன. இவர்களில் பலர் வெவ்வேறு ஊர்களிலிருந்து ஆடியவர்கள். ஆகவே ஒரே வீட்டில் இருப்பது மோசடிக்குக் காரணம் என்று கொள்வது நியாயமன்று. அது மோசடி இல்லை என்று காட்டுவதைக் கடினமாக்கும் சூழ்நிலை மட்டுமே.

தம்பதியரின் நிலைமை தனித்தன்மை உடையது. பிரிட்ஜ் தொடக்கக் காலத்திலிருந்தே கணவனும் மனைவியும் கூட்டாளிகளாக ஆடும் ஆட்டமாகப் பரவியது. 1930களில் எலி கல்பர்ட்சனும் அவர் மனைவி ஜோசபைனும் இணையாக ஆடியும் எழுதியும் அதை நடுத்தரக் குடும்பங்களின் மாலைப்பொழுதாக மாற்றினர். திருமணம் என்ற உறவின் நியதியும் கூட்டாளி ஆட்டத்தின் நியதியும் இங்கே முரண்படுகின்றன. தம்பதியருக்கிடையே நடக்கும் பேச்சை வெளியிடுமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் 122ஆம் பிரிவில் கூறியது. அவர்களுக்கிடையே எல்லாம் பகிரப்படும், பகிரப்பட்டது வெளியே செல்லாது என்பது அதன் அடிப்படை. பிரிட்ஜோ, அவர்களுக்கிடையே சீட்டு பகிரப்படக் கூடாது, பகிர்ந்துகொண்ட மொழி வெளியே சொல்லப்பட வேண்டும் என்று இரண்டையும் தலைகீழாகக் கேட்கிறது. ஓர் ஆட்டம் நீடிக்கும் சில மணிநேரத்துக்கு இல்லற நியதியை நிறுத்திவைத்து, அந்நியரைப் போல நடந்துகொள்ளுமாறு அது தம்பதியரை வேண்டுகிறது.

இந்த வேண்டுகோளை மூன்று நிலைகளாகப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, துணைவரின் கணினித் திரையை எட்டிப் பார்ப்பதும் வாய்விட்டுச் சொல்வதும். இதில் ஐயத்துக்கு இடமில்லை, மகமைக் கணக்கில் மூட்டையை மறைப்பதைப் போன்ற வெளிப்படையான மோசடி இது. இரண்டாவது, எண்ணாமல் வெளிப்படும் குறிப்பு. பக்கத்து அறையிலிருந்து கேட்கும் பெருமூச்சும், நாற்காலி பின்னுக்குத் தள்ளப்படும் ஓசையும், நல்ல கை வந்தபோது எழும் முனகலும், பல்லாண்டு உடன் வாழ்ந்தவருக்குச் சீட்டின் வலிமையைச் சொல்லிவிடும். வெளிப்படுத்தியவர் மீது இதில் குற்றமில்லை. அதைக் கேட்டு அதற்கேற்ப ஆடியவர் மீதே குற்றம் சேரும். பிறர் எவரும் இதைக் கண்டறிய இயலாது என்பதால், தனியறையும் மூடிய கதவும் பேசாமையும் தம்பதியரின் பாதுகாப்புக்காகவே தேவைப்படுகின்றன. மூன்றாவது, நெடுநாள் பழக்கத்தால் விளைந்த அறிவு. கணவர் வலுவற்ற கையிலும் துணிந்து ஏலம் கேட்பவர், மனைவி உறுதியான கை இருந்தாலன்றி வாய் திறவாதவர் என்பது அவ்விருவருக்கும் தெரியும். இவ்வறிவைப் பயன்படுத்துவதைப் பிரிட்ஜ் விதி தடுக்கவில்லை. அனுபவத்தால் ஏற்பட்ட புரிதலும் உடன்பாட்டுக்குச் சமமே என்று கொண்டு, அதை எதிரணியிடம் சொல்லுமாறு கட்டளையிடுகிறது. இல்லறத்தின் ஆழம் தவறாகாது. அந்த ஆழத்தை எதிரணியிடம் மறைப்பதே தவறாகும்.

நடைமுறையில் முதல் இரண்டு நிலைகளுக்கே கவனம் செல்கிறது. மூன்றாவது நிலையைப் பெரும்பாலோர் தவறென உணர்வதுகூட இல்லை. உண்மையில் நேர்மையான தம்பதியர் வழுவ அதிக வாய்ப்புள்ள இடம் அதுதான். ஏலத்தின் பொருளை எதிரணி கேட்கும்போது, நூலில் உள்ள பொதுப்பொருளைச் சொல்லிவிட்டு, தம் துணைவரின் உண்மையான பழக்கத்தை மனத்துக்குள் வைத்துக்கொள்வது, பேரேட்டில் ஒரு தொகையும் சபையில் மற்றொரு தொகையும் சொல்வதாகவே முடியும்.

தனியறை என்ற நிபந்தனையும் ஆராயத்தக்கது. வீட்டில் இரண்டு கதவடைத்த அறைகளும் இரண்டு கணினிகளும் உண்டு என்று அது கருதிக்கொள்கிறது. சிவகாசியின் தொழிலாளர் தெருக்களில் ஒற்றையறை வீடுகள் மிகுதி. பெருநகர அடுக்ககங்களிலும் இடநெருக்கடி குறைவன்று. வசதியுள்ளவருக்கு எளிதாகவும் வசதியற்றவருக்கு இயலாததாகவும் உள்ள ஒன்றை நேர்மையின் அளவுகோலாக்கினால், இடமில்லாமையே குற்றத்தின் அடையாளமாகிவிடும். ஒளிப்படக் கருவியை வீட்டுக்குள் திருப்பிவைக்கச் சொல்வதோ, பரிசுக்குரிய பெரும் போட்டிகளில் ஏற்கத்தக்கதாயினும், வாராந்திர மன்ற ஆட்டத்துக்கு மிகையான தலையீடு.

இவ்விடத்தில் மகமையின் அடித்தளம் மீண்டும் உதவுகிறது. இணையத் தளம் ஒவ்வோர் ஏலக்கூற்றையும் ஒவ்வொரு சீட்டையும் அழியாமல் பதிந்து வைக்கிறது. தம் கைக்கு வந்த சீட்டை மட்டுமே அறிந்தவர் எடுத்திருக்க முடியாத துணிவான முடிவுகள், தொடர்ந்து வெற்றியில் முடிவதை நூற்றுக்கணக்கான ஆட்டங்களின் பதிவிலிருந்து காண இயலும். ஓரிரு ஆட்டங்களின் நற்பேறு இந்த அளவையில் தங்காது. காவலற்ற இடத்தில் நடந்த செயலுக்குப் பின்னர் திறக்கப்படும் பேரேடாக இப்பதிவு பயன்படுகிறது. ஆனால் தீப்பெட்டி வேலையின் வரலாறு இதற்கும் எச்சரிக்கை தருகிறது. எண்ணிக்கை விளைவைத்தான் சொல்லும்; சிறிதாகவும் அரிதாகவும் ஏமாற்றுபவர் எண்ணிக்கைக்குள் மறைந்துகொள்ளலாம், வழக்கத்துக்கு மாறான நடையில் ஆடும் நேர்மையாளர் எண்ணிக்கையால் பழிசுமக்கலாம். 1965ஆம் ஆண்டின் வழக்கிலும் 2018ஆம் ஆண்டின் தீர்ப்பிலும் நிபுணர்கள் ஒருமித்த முடிவுக்கு வர இயலாததை நினைவில் கொண்டால், பதிவை விசாரணையின் தொடக்கமாகக் கொள்வதே தகும், தீர்ப்பாகக் கொள்வது தகாது.

எனவே ஒரே வீட்டிலிருந்து ஆடும் தம்பதியரைத் தடைசெய்வதும், அவர்கள் சொல்லே போதும் என்று விட்டுவிடுவதும் சம அளவில் பொருந்தாதவை. முன்னது குடும்பத்தையே ஐயத்துக்குரியதாக்குகிறது. பின்னது குடும்பத்தை விதிக்கு அப்பாற்பட்டதாக்குகிறது. இணையாக ஆடும் இருவரும் தாம் ஒரே வீட்டில் இருப்பதை ஆட்டத்துக்கு முன்பே மேசையிலுள்ளோருக்கு அறிவித்தல், இயன்ற அளவு பிரிந்து அமர்தல், துணைவரின் பழக்கம் பற்றித் தாம் அறிந்ததை எதிரணி கேட்டபோது முழுமையாகச் சொல்லுதல், தம் ஆட்டப் பதிவை எவர் வேண்டுமானாலும் ஆராயலாம் என்று ஏற்றுக்கொள்ளுதல் ஆகிய நான்கும் அவர்கள் கடமை. அறிவித்ததைக் குற்ற ஒப்புதலாகக் கருதாமல் ஏற்பதும், ஐயம் எழுந்தால் முணுமுணுக்காமல் பொறுப்பாளரிடம் முறைப்படி சொல்வதும் மற்றவர் கடமை. விருதுநகர் வணிகர் தம் கணக்கைத் தாமே சொன்னார்; அதைக் கேட்க ஒரு சபை இருந்தது; கேட்டவரும் தம் முறை வந்தபோது அதே சபையில் கணக்குச் சொன்னார். இந்த மூன்றாவது கூறு இல்லாத இடத்தில் முதல் இரண்டும் கண்காணிப்பாகச் சுருங்கிவிடும். இணையச் சீட்டாட்டச் சமூகத்திடம் கருவிகள் நிறைந்திருக்கின்றன. ஐயப்படுபவரும் ஐயத்துக்கு உள்ளானவரும் ஒரே நிலையில் நின்று கணக்குக் கொடுக்கும் சபையைத்தான் அது இன்னும் முழுமையாகக் கட்டியெழுப்பவில்லை.